ஆயில் ஃபில்டரை நிரப்பி மாட்டலாமா?

(நமது குடியிருப்போர் நலச் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் பேசியது. செயலாளர் கேட்டுக்கொண்டதால் எழுதித் தந்திருக்கிறேன்.)



இந்தத் தலைப்பில் நான் பேசப்போகிறேன் என்று சொன்னதும் என் வீட்டம்மா சிரித்துவிட்டார். "பேங்க்ல லெட்ஜர் எழுதினவரு இன்ஜினைப் பத்திப் பேசப் போறீங்களா?" என்றார். நியாயமான கேள்விதான். நான் படித்தது பி.காம்., பார்த்தது கிளார்க் வேலை. இன்ஜினைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் என் காருக்கு நானே ஆயில் மாற்றிக் கற்றுக்கொண்டது. அதிலும் பாதி, ஒரு தப்பு செய்து பணம் கட்டிக் கற்றுக்கொண்டது. அந்தக் கதையையும் சொல்கிறேன்.

இந்தப் பேச்சு எதற்கு என்று சிலருக்குத் தெரிந்திருக்கும். இரண்டு மாதத்துக்கு முன் கீழே பார்க்கிங்கில் மெக்கானிக் தம்பி ஒரு காருக்கு ஆயில் மாற்றிக்கொண்டிருந்தார். நம் ஏ பிளாக் அண்ணன், பஸ் டெப்போ ஒர்க்‌ஷாப்பில் இருந்து ஓய்வு பெற்றவர், "புது ஃபில்டர்ல ஆயிலை ஊத்தி நிரப்பிட்டு மாட்டுப்பா, இல்லன்னா இன்ஜின் காஞ்சு ஓடும்" என்றார். சி பிளாக்கில் இருக்கும் இளைஞர், விராலிமலைப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்ப்பவர், "அதெல்லாம் கூடாது சார், அப்படி ஊத்துற ஆயில் வடிகட்டாமலே பேரிங்குக்குப் போயிடும்" என்றார். பேச்சு வளர்ந்து வாட்ஸ்அப் குழு வரைக்கும் போய்விட்டது. இரண்டு பேருமே விவரம் தெரிந்தவர்கள். இரண்டு பேர் சொன்னதிலும் உண்மை இருக்கிறது. அதனால்தான் சண்டை தீரவில்லை.

முதலில் ஆயில் எந்த வழியாகப் போகிறது என்று பார்த்துவிடுவோம். இன்ஜினுக்கு அடியில் ஒரு தொட்டி, அதைச் சம்ப் என்பார்கள். இன்ஜின் சுற்றினால் ஆயில் பம்ப்பும் சுற்றும். அது சம்ப்பில் இருந்து ஆயிலை உறிஞ்சி ஃபில்டருக்குள் தள்ளும். ஃபில்டரில் வடிகட்டிய ஆயில் கிராங்க் பேரிங், கேம் ஷாஃப்ட் என்று எல்லா இடத்துக்கும் போய்விட்டுத் திரும்பச் சம்ப்பில் விழும்.

டப்பா மாதிரி திருகி மாட்டும் ஃபில்டரைக் கையில் எடுத்துப் பாருங்கள். வாய்ப்பக்கத்தில் நடுவில் மரை போட்ட ஒரு பெரிய ஓட்டை இருக்கும். அதைச் சுற்றி வட்டமாகச் சின்னச் சின்ன ஓட்டைகள். பலர் நினைப்பதற்கு நேர் மாறாக, ஆயில் உள்ளே போவது சுற்றியுள்ள சின்ன ஓட்டைகள் வழியாக. வடிகட்டிய பிறகு வெளியே வருவது நடு ஓட்டை வழியாக. அந்தச் சின்ன ஓட்டைகளுக்கு உள்பக்கம் ரப்பர் மடல் ஒன்று இருக்கும். இன்ஜினை நிறுத்தியதும் ஃபில்டரில் இருக்கும் ஆயில் திரும்ப வடிந்துவிடாமல் அது தடுக்கும். காகித வடிகட்டி அடைத்துக்கொண்டால் ஆயில் நின்றுவிடக் கூடாது என்பதற்காக இன்னொரு வால்வும் உண்டு. அந்த நேரத்தில் வடிகட்டாத ஆயிலாவது போகட்டும் என்று அது திறந்து வழிவிடும். இந்த இரண்டாவது வால்வு சில கார்களில் ஃபில்டரிலேயே இருக்கும், சிலவற்றில் இன்ஜினில் இருக்கும்.

இப்போது ஏ பிளாக் அண்ணனின் கட்சி. புது ஃபில்டர் காலியாக இருக்கிறது. இன்ஜினை ஸ்டார்ட் செய்ததும் பம்ப் தள்ளும் ஆயில் முதலில் அந்தக் காலி டப்பாவை நிரப்ப வேண்டும். அதன் பிறகுதான் பேரிங்குக்குப் போகும். அந்தச் சில வினாடிகள் இன்ஜின் ஆயில் அழுத்தம் இல்லாமல் ஓடுகிறது. டேஷ்போர்டில் ஆயில் விளக்கு வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதல் நேரம் எரிவதை நீங்களே பார்க்கலாம். முன்னாலேயே நிரப்பி மாட்டினால் அந்தத் தாமதம் குறையும்.

சி பிளாக் தம்பியின் கட்சி. ஃபில்டரை நிமிர்த்தி வைத்து நடு ஓட்டையில் ஊற்றுவதுதான் எல்லோரும் செய்வது. அது வடிகட்டிய பக்கம். அங்கே ஊற்றும் ஆயில் காகிதத்தைத் தாண்டாமல் நேரே பேரிங்குக்குப் போகும். "புது ஆயில்தானே, சுத்தமாத்தானே இருக்கும்?" என்று கேட்கலாம். டப்பாவுக்குள் இருக்கும்போது சுத்தம்தான். டப்பாவைத் திறக்கும்போது வாயில் ஒட்டியிருக்கும் அலுமினியத் தாளைக் கிழிக்கிறோம். அதில் ஒரு துணுக்கு விழலாம். புனலை எங்கே வைத்திருந்தோம்? போன தடவை பயன்படுத்திவிட்டுப் பழைய துணியோடு டிக்கியில் போட்டது. நம் ஊரில் காற்றடித்தால் செம்மண் தூசி, குவாரிப் பக்கம் போய்வந்த வண்டி என்றால் கல் தூசி. தலைமுடியின் கனம் சுமார் 70 மைக்ரான் என்று வைத்துக்கொண்டால், பேரிங்குக்கும் கிராங்குக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி அதைவிடக் குறைவு. அங்கே ஒரு மணல் துகள் போனால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இது நம் இரண்டு பேருடைய சண்டை மட்டும் இல்லை. பெரிய இன்ஜின் செய்கிற கம்பெனிகளே இதில் ஒத்துப்போகவில்லை. கேட்டர்பில்லர் தன் கையேடுகளில், ஃபில்டரை ஆயிலால் நிரப்பி மாட்டாதே, வடிகட்டாத அந்த ஆயில் இன்ஜினைத் தேய்க்கும் என்கிறது. கம்மின்ஸ் தன்னுடைய பல டீசல் இன்ஜின்களுக்கு, சுத்தமான ஆயிலால் நிரப்பிவிட்டு மாட்டு என்கிறது. இரண்டுமே உலகம் முழுக்க லாரி, ஜெனரேட்டர், மண்வெட்டும் இயந்திரம் என்று ஓடுகிறவை. அதனால் எவர் சரி என்று பொதுவாகத் தீர்ப்புச் சொல்ல முடியாது. அவரவர் இன்ஜினின் கையேடு என்ன சொல்கிறதோ அதுதான் சரி. வங்கியிலும் இப்படித்தான். ஒரு கிளையில் செய்கிற வழக்கம் இன்னொரு கிளையில் சரியாக இருக்கும், ஆனால் ஆடிட்டர் வந்தால் சர்க்குலர் எங்கே என்றுதான் கேட்பார்.

அண்ணன் சொன்னதற்கு இன்னொரு நியாயமும் இருக்கிறது. அவர் வேலை பார்த்தது பஸ் டீசல் இன்ஜினில். அந்த ஃபில்டர் கூஜா அளவு இருக்கும். அதைக் காலியாக மாட்டினால் நிரம்ப நேரம் எடுக்கும். டர்போ உள்ள இன்ஜின் என்றால் அதன் தண்டு நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்கூடச் சுற்றும், ஆயில் படலத்தின் மேல்தான் அது மிதக்கிறது. அங்கே ஆயில் தாமதமானால் செலவுதான். போர்வெல் வண்டி, டிராக்டர், டிப்பர் லாரி வைத்திருப்பவர்கள் நிரப்பி மாட்டும் வழக்கம் அங்கிருந்து வந்தது. நம் சின்ன பெட்ரோல் காரில் ஃபில்டர் கொள்வது கால் லிட்டர் அளவுதான். பம்ப் அதைச் சில வினாடியில் நிரப்பிவிடும். அதுவரை பேரிங் முழுக்கக் காய்ந்தும் கிடப்பதில்லை. பழைய ஆயிலின் படலம் ஒட்டிக்கொண்டுதான் இருக்கும்.

தட்பவெப்பத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். நிரப்பாவிட்டால் இன்ஜின் போச்சு என்று பயமுறுத்தும் வீடியோக்களில் பல, பனி பெய்யும் நாட்டில் இருப்பவர்கள் போடுவது. அங்கே காலையில் ஆயில் தேன் மாதிரி கெட்டியாக இருக்கும். புதுக்கோட்டையில் மார்கழி விடியற்காலையில்கூட 20 டிகிரிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. சித்திரையில் கேட்கவே வேண்டாம். இப்போது வரும் புது கார்களுக்கு 0டபிள்யூ-16, 0டபிள்யூ-20 என்று மெல்லிய ஆயில் வேறு. தண்ணீர் மாதிரி ஓடும். ஒரு காலத்தில் எல்லா வண்டிக்கும் 20டபிள்யூ-40 ஊற்றிய பழக்கத்தை வைத்துக்கொண்டு பேசக் கூடாது.

நடுவில் ஒரு சின்ன சமாச்சாரம். ஆரம்ப காலக் கார்களில் ஆயில் ஃபில்டரே கிடையாது. அடிக்கடி ஆயிலை மாற்றிக்கொண்டே இருந்தார்கள். 1923-ல் அமெரிக்காவில் எர்னஸ்ட் ஸ்வீட்லேண்ட் என்பவர் ஃபில்டருக்குக் காப்புரிமை வாங்கி, அதற்குப் ப்யூரோலேட்டர் என்று பெயர் வைத்தார். நம் பழைய அம்பாசடரில் கிண்ணம் மாதிரி ஒரு கூட்டைக் கழற்றி, உள்ளே இருக்கும் வடிகட்டியை மட்டும் மாற்றுவார்கள். திருகி மாட்டும் டப்பா 1950-களில்தான் வந்தது. இப்போது சில கார்களில் மறுபடியும் கூடும் வடிகட்டியும் தனித்தனியாகவே வருகிறது. அந்த மாதிரி காரில் நிரப்புவது என்ற பேச்சுக்கே பெரும்பாலும் இடமில்லை. மூடியில் இருக்கும் ரப்பர் ரிங்கைப் புதிதாக மாற்றினார்களா என்று மட்டும் பாருங்கள்.

இப்போது என் கதைக்கு வருகிறேன்.

2019-ம் வருடம். நானும் ஏதோ படித்துவிட்டு, நிரப்பித்தான் மாட்ட வேண்டும் என்ற கட்சியில் இருந்தேன். என் பழைய பெட்ரோல் காரில் ஃபில்டர் கிட்டத்தட்டப் படுத்த நிலையில் இருக்கும். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் பழைய ஆயிலை வடித்தேன், பழைய ஃபில்டரைக் கழற்றினேன், புது ஃபில்டரில் ஆயிலை நிரப்பினேன். காகிதம் உறிஞ்ச உறிஞ்ச மூன்று தடவை ஊற்றி, பொறுமையாகத்தான் செய்தேன். நிரம்பிய டப்பாவைச் சாய்த்து மாட்டினால் என்ன ஆகும்? கால்வாசி கொட்டியது. கை, ஜாயின்ட், அடியில் இருக்கும் தகடு எல்லாம் ஆயில். கொட்டுகிற அவசரத்தில் வேகமாகத் திருகி மாட்டிவிட்டேன். அந்த அவசரத்தில் ஒன்றைப் பார்க்கவில்லை. பழைய ஃபில்டரின் ரப்பர் ரிங் இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. அதன் மேல் புது ரிங். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு ரிங்.

ஸ்டார்ட் செய்து பார்த்தேன். விளக்கு உடனே அணைந்தது. பெருமையாக இருந்தது. கீழே சொட்டுச் சொட்டாக விழுந்தது. நான் கொட்டிய ஆயில்தானே என்று நினைத்தேன். ஞாயிறு காலையில் அட்டையில் நாலு சொட்டு. அதுவும் மிச்சம் மீதி வடிகிறது என்றே நினைத்தேன். இங்கேதான் கவனிக்க வேண்டும். நான் நிரப்பிக் கொட்டியிருக்காவிட்டால் அந்தச் சொட்டு கசிவு என்று முதல் நாளே தெரிந்திருக்கும்.

திங்கட்கிழமை வீட்டம்மாவின் கண் பரிசோதனைக்குத் திருச்சி கிளம்பினோம். நார்த்தாமலை விலக்கு தாண்டி, கீரனூர் வருவதற்கு முன்னால் சிவப்பு விளக்கு எரிந்தது. "ஏங்க, சிவப்பா எரியுதே, நிறுத்துங்களேன்" என்றார். "இதோ கீரனூர் வந்துடும், பங்க்ல நிறுத்திப் பார்க்கலாம்" என்றேன். வெயில், ரோட்டோரத்தில் நிழல் இல்லை, அவர் கண்ணில் சொட்டு மருந்து போட்டிருந்தார். எனக்கு அப்போது அது சரியான காரணமாகத்தான் தெரிந்தது. சுமார் மூன்று கிலோமீட்டர். பங்க்குக்குள் திரும்பும்போது இன்ஜினில் இருந்து கடகடவென்று சத்தம். டிப் ஸ்டிக்கை எடுத்தேன், நுனியில்கூட ஆயில் இல்லை. வண்டியின் பின்பக்கம் முழுவதும் ஆயில் அடித்திருந்தது.

அங்கிருந்து பஸ் ஏறித் திருச்சிக்குப் போனோம். போய்ச் சேரும்வரை அவர் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. வண்டியை இழுத்து வந்து பிரித்துப் பார்த்த மெக்கானிக், "சார், ரெண்டு ரிங் இருக்கு பாருங்க" என்று இரண்டையும் என் உள்ளங்கையில் வைத்தார். கிராங்கைக் கடைசல் பிடித்து, பேரிங் எல்லாம் மாற்றி, மொத்தம் 42,000 ரூபாய், மூன்று வாரம். ஃபிக்ஸட் டெபாசிட் ஒன்றை முதிர்வுக்கு முன்னாலேயே எடுத்தேன். முப்பது வருஷம் மற்றவர்களுக்கு "வட்டி குறையும் சார், யோசிச்சுக்குங்க" என்று சொன்னவன்.

மூன்று வினாடி ஆயில் இல்லாமல் ஓடக் கூடாது என்று நிரப்பினேன். மூன்று கிலோமீட்டர் ஆயில் இல்லாமல் ஓட்டினேன்.

அதனால் நான் இப்போது எதற்கு முக்கியத்துவம் தருகிறேன் என்றால், பழைய ஃபில்டரைக் கழற்றியதும் அதன் வாயில் ரப்பர் ரிங் இருக்கிறதா என்று முதலில் பார்க்கிறேன். இல்லையென்றால் அது இன்ஜினில் ஒட்டியிருக்கிறது. இருந்தாலும் இன்ஜின் பக்கத்தைச் சுத்தமான துணியால் துடைத்து விரலால் ஒரு சுற்றுத் தடவுகிறேன். புது ரிங்கில் ஒரு விரல் ஆயில் தடவ வேண்டும். இது நிரப்புவது மாதிரி விவாதத்துக்குரிய விஷயமில்லை, எல்லோரும் ஒத்துக்கொள்வது. வறண்ட ரப்பர் திருகும்போது சுருண்டுவிடும், அடுத்த தடவை கழற்றும்போது ஒட்டிக்கொள்ளும். ரிங் உட்கார்ந்த பிறகு கையாலேயே முக்கால் சுற்று. பெரும்பாலான ஃபில்டரின் மேலேயே படம் போட்டிருப்பார்கள். ஸ்பேனர் போட்டு முறுக்க வேண்டாம். டிரெயின் போல்ட்டின் வாஷரைப் புதிதாகப் போடுங்கள், விலை ஒரு டீக்காசு.

பிறகு ஸ்டார்ட் செய்து ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் ஐடிலில் விட வேண்டும். விளக்கு சில வினாடியில் அணைய வேண்டும். அணையாவிட்டால் உடனே நிறுத்த வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும்போதே டார்ச் அடித்து ஃபில்டரைச் சுற்றிப் பார்க்க வேண்டும். அப்புறம் நிறுத்தி ஐந்து நிமிடம் கழித்து டிப் ஸ்டிக்கைப் பார்த்தால் அளவு கொஞ்சம் இறங்கியிருக்கும். ஃபில்டர் குடித்த ஆயில் அது. அதை ஊற்றிச் சரிசெய்ய வேண்டும். நிரப்பி மாட்டுகிறவர்கள் இந்த இடத்தில் ஒரு தப்பு செய்வார்கள். ஃபில்டரில் கால் லிட்டர் ஊற்றிவிட்டு, கையேட்டில் ஃபில்டரையும் சேர்த்துப் போட்டிருக்கும் முழு அளவையும் இன்ஜினில் ஊற்றிவிடுவார்கள். ஒரே வவுச்சரை இரண்டு தடவை பதிவு செய்த மாதிரி. ஆயில் அதிகமானாலும் கெடுதல்தான், கிராங்க் அதில் அடித்து நுரையாக்கிவிடும்.

நிரப்பியே தீருவேன் என்பவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. ஃபில்டர் வாய் மேல்பக்கம் பார்த்து மாட்டும் காராக இருந்தால், நடு ஓட்டையைச் சுத்தமான மூடியால் அடைத்துக்கொண்டு, சுற்றியுள்ள சின்ன ஓட்டைகள் வழியாக மெதுவாக ஊற்றுங்கள். அப்படி ஊற்றும் ஆயில் காகிதத்தைத் தாண்டித்தான் போகும். சீல் உடைக்காத டப்பா ஆயில் மட்டும். கடைவீதியில் லூஸாக அளந்து தரும் ஆயிலை எந்த ஓட்டையிலும் ஊற்றாதீர்கள். ஃபில்டர் படுத்தோ தலைகீழாகவோ மாட்டும் கார் என்றால் விட்டுவிடுங்கள். வாரண்டியில் இருக்கும் கார் என்றால் கையேட்டில் உள்ளபடி மட்டும்.

அடுத்தது நம் எல்லோருக்கும் பொதுவான விஷயம். சண்டையில் இதை யாரும் பேசவில்லை. அன்றைக்கு வடித்த பழைய ஆயில் எங்கே போனது? பார்க்கிங் தரையில் இன்றைக்கும் கறை இருக்கிறது. கழற்றிய ஃபில்டர் குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் இரண்டு நாள் கிடந்தது. அதற்குள்ளும் நல்ல அளவு ஆயில் தங்கியிருக்கும். மழை பெய்தால் நம் வளாகத்துத் தண்ணீர் வெளி வாய்க்காலுக்குத்தான் போகிறது. இந்த ஊர் குளத்தை நம்பிக் கட்டிய ஊர். பழைய ஆயிலில் தேய்ந்த உலோகமும் எரிந்த கசடும் இருக்கிறது. 2016-ம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளில் பயன்படுத்திய ஆயிலும் வருகிறது. அனுமதி பெற்ற மறுசுழற்சிக்காரரிடம்தான் அது போய்ச் சேர வேண்டும். கதவு, ஜன்னலில் கரையானுக்கு அடிக்கலாம் என்று கேன் எடுத்துப்போகிறவர்கள் நம்மில் இருக்கிறார்கள். குழந்தைகள் தொடுகிற இடத்தில் வேண்டாம்.

மெக்கானிக் தம்பியிடம் பேசிவிட்டேன். பழைய ஆயிலையும் ஃபில்டரையும் கேனில் அடைத்துக் கொடுத்தால், தன் கடையில் சேருவதோடு சேர்த்து எடுக்க வருகிறவர்களிடம் கொடுத்துவிடுவதாகச் சொன்னார். ஃபில்டரை ஒரு ராத்திரி கவிழ்த்து வைத்து வடித்துவிட்டுக் கொடுக்கச் சொல்கிறார்.

பேசி முடித்ததும் மூன்று கேள்விகள் வந்தன. அவற்றையும் எழுதிவிடுகிறேன்.

டி பிளாக் அம்மா ஒருவர், "எனக்கு ஃபில்டரெல்லாம் தெரியாது, சர்வீஸுக்கு விட்டு எடுக்கிறேன், நான் எதைப் பார்க்கணும்?" என்று கேட்டார். வண்டியை எடுத்து வந்த அன்றும் மறுநாள் காலையும் அடியில் ஒரு பழைய அட்டையைப் போடுங்கள். சொட்டு இருந்தால் ஓட்டாதீர்கள், கூப்பிட்டுச் சொல்லுங்கள். எண்ணெய்க் கெண்டி மாதிரி படம் போட்ட சிவப்பு விளக்கு ஓடும்போது எரிந்தால், இடம் நிழலா வெயிலா என்று பார்க்காமல் ஓரம் கட்டி இன்ஜினை நிறுத்துங்கள்.

சி பிளாக் தம்பி, ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்துக்கொண்டு செல்ஃப் அடித்தால் பெட்ரோல் வராமல் இன்ஜின் சும்மா சுற்றும், அதிலேயே ஃபில்டர் நிரம்பிவிடுமே என்றார். சில பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் கார்களில் அப்படி வசதி இருக்கிறது. எல்லாக் காரிலும் இல்லை. பழைய பேட்டரி வைத்துக்கொண்டு முயற்சி செய்தால் பேட்டரிதான் இறங்கும்.

கடைசியாக ஏ பிளாக் அண்ணன் கேட்டார். "அப்ப நீங்க இப்ப உங்க கார்ல நிரப்புறீங்களா, இல்லையா? அதைச் சொல்லுங்க." நிரப்புவதில்லை என்றேன். "பஸ்ஸுக்கு?" என்றார். பஸ்ஸுக்கு நீங்கள் சொன்னால் சரி என்றேன். அவர் சிரித்துக்கொண்டே, தன்னிடம் டெப்போ காலத்து அகலமான ஆயில் தட்டு ஒன்று இருப்பதாகவும், அதைச் சங்கத்துக்குத் தந்துவிடுவதாகவும் சொன்னார். தட்டு இப்போது மோட்டார் அறையில் இருக்கிறது. சாவி வாட்ச்மேனிடம். எடுப்பவர்கள் நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு எடுத்து, துடைத்து வைக்கவும்.